எச்சிலில் குறைந்தது, இடுக்கில் நின்றது: எண்ணெய் கொப்பளித்தல் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

முறையீடு

பல் துலக்கும்போது ஈறுகளில் இரத்தம் கசிவதாகவும், கீழ்த்தாடையின் இடப்புறக் கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஒவ்வொரு வேளையும் உணவு சிக்கிக்கொள்வதாகவும் கூறி 42 வயதுப் பெண் ஒருவர் சிகிச்சைக்கு வந்தார். நீரிழிவு இல்லை, புகைப் பழக்கம் இல்லை, தொடர்ந்து உட்கொள்ளும் மருந்தும் இல்லை. பதினான்கு மாதங்களாக நாள் தவறாமல் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெயை வாயிலிட்டு 15 நிமிடம் கொப்பளித்துத் துப்புவது அவர் வழக்கம். தொடங்கிய சில வாரங்களிலேயே வாய் நாற்றம் போய்விட்டதையும் நாக்கு சுத்தமானதையும் கண்டு, எண்ணெயே போதும் என்ற முடிவுக்கு வந்து பற்பசையை நிறுத்தியிருக்கிறார். காலையில் எண்ணெய், அதன் பின் வெறும் தூரிகையால் முன்பற்களில் ஒரு சுற்று, இரவில் ஒன்றும் இல்லை என்பதே அவருடைய வாய்ப் பராமரிப்பு முழுவதும்.

இதை எழுதுவதற்கு அவர் இசைந்தார். வயதைத் தவிர அவரை அடையாளம் காட்டும் எதுவும் இங்கே இடம்பெறவில்லை.

பரிசோதனையில் கண்டவை

முதல் பார்வைக்கு அந்த வாய் சுத்தமான வாயாகவே தெரிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பற்களின் முகப்பு பளபளப்பாக இருந்தது, நாக்கின் பின்பகுதியில் வழக்கமாகக் காணும் வெண்படிவு மிக மெலிதாக இருந்தது, மூச்சில் துர்நாற்றம் இல்லை. பற்களில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாப் படலத்தைக் காட்டும் சாயத்தைத் தடவிய பிறகுதான் வேறொரு படம் வெளிப்பட்டது. பற்களின் கன்னப்புறமும் நாக்குப்புறமும் ஏறக்குறைய நிறமின்றி நிற்க, முன்கடைவாய்ப் பற்களிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு பல்லிடுக்கும் அடர்ந்த நிறத்தைப் பிடித்திருந்தது. கீழ் முன்பற்களின் உட்புறத்தில் பற்காரை, அதாவது கெட்டிப்பட்ட படலம், இறுகிப் படிந்திருந்தது.

28 பற்களில் பல்லுக்கு ஆறாக 168 இடங்களை அளந்ததில் 61 இடங்களில், அதாவது நூற்றுக்கு 36 பங்கில், அளவுக்கோல் தொட்டதும் இரத்தம் கசிந்தது. அந்த 61 இடங்களில் 52 பின்பற்களின் இடுக்குகளில் இருந்தன. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவேயுள்ள பள்ளத்தின் ஆழம் பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்குள் அடங்கியது. ஒன்பது இடங்களில் மட்டும் 4 மில்லிமீட்டர். ஊடுகதிர்ப் படத்தில் எலும்புத் தேய்வு காணப்படாததால், அந்த ஆழம் ஈறு வீங்கியதால் வந்த போலி ஆழம் என்று கொண்டேன். உணவு சிக்கும் இடத்தில், கீழ் இடப்புற முதல் கடைவாய்ப் பல்லில் குழியை நிரப்பி வைத்த பழைய அடைப்பு ஒன்று இருந்தது. நோய் முடிவு, பற்படலத்தால் தூண்டப்பட்ட ஈறு அழற்சி.

ஒன்றோடொன்று ஒவ்வாத இரண்டு முடிவுகள்

இந்த நிகழ்வு எழுதத்தக்கதாக ஆனது நுண்ணுயிர்ச் சோதனையால்தான். பற்சொத்தையோடு மிகுதியும் தொடர்புபடுத்தப்படும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்ற பாக்டீரியாவின் அளவை, சிகிச்சை நாற்காலியருகிலேயே பட்டையில் எடுத்து, 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரண்டு நாள் வளர்த்து, 0 முதல் 3 வரை தரம் பிரிக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. அதில் தரம் 3 என்றால் ஒரு மில்லிலிட்டருக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பாக்டீரியாக்கள் என்று பொருள். இவருடைய எச்சிலில் தரம் 1 வந்தது. அதே நாள், அதே மணியில், கடைவாய்ப் பல்லிடுக்கிலிருந்து வழித்தெடுத்த படலத்தில் தரம் 3 வந்தது.

எச்சில் முடிவை மட்டும் கையில் கொடுத்தனுப்பியிருந்தால், தம் எண்ணெய்க்கு ஒரு நற்சான்று கிடைத்ததாகவே அவர் மகிழ்ந்திருப்பார். விசாரித்தபோது, சிகிச்சைக்குக் கிளம்புவதற்குச் சற்று முன்புதான் கொப்பளித்துவிட்டு வந்ததாகவும், பல் மருத்துவரிடம் போகிறோமே என்று அன்று கூடுதலாக ஐந்து நிமிடம் கொப்பளித்ததாகவும் சிரித்தபடி சொன்னார். ஆகவே எச்சில் எடுக்கப்பட்ட நேரமே முடிவைத் தீர்மானித்ததா என்ற ஐயம் எழுந்தது.

பல் சுத்திகரிப்பை இரண்டு வாரம் தள்ளிவைப்பதால் எலும்புத் தேய்வற்ற ஈறு அழற்சியில் கேடு வராது என்பதை விளக்கி, அவருடைய சம்மதத்தோடு அந்த இரண்டு வாரங்களைப் பயன்படுத்திக்கொண்டோம். முதல் வாரம் அவர் தம் வழக்கத்தை மாற்றவில்லை. வாரத்தில் மூன்று நாள், விடியற்காலையில் கொப்பளிப்பதற்கு முன்பும், கொப்பளித்துப் பத்து நிமிடம் கழித்தும், நான்கு மணி நேரம் கழித்தும் எச்சில் எடுக்கப்பட்டது. மூன்று நாளும் முன்பு தரம் 2. பத்து நிமிடத்துக்குப் பின் இரண்டு நாள் தரம் 0, ஒரு நாள் தரம் 1. நான்கு மணி நேரத்தில் மூன்று நாளும் மீண்டும் தரம் 2.

இரண்டாம் வாரம் எண்ணெய்க்குப் பதிலாக வெறும் நீர். அளவும் நேரமும் அதேதான். பதினைந்து நிமிடம் நீரைக் கொப்பளிப்பது எண்ணெயைவிடச் சலிப்பூட்டுவதாக அவர் குறைபட்டுக்கொண்டார். நீருக்குப் பத்து நிமிடம் கழித்து இரண்டு நாள் தரம் 1, ஒரு நாள் மாற்றமே இன்றித் தரம் 2. பல்லிடுக்குப் படலமோ இரண்டு வாரத்தின் முடிவிலும் தரம் 3 ஆகவே நின்றது. இரத்தக் கசிவு இடங்களும் குறிப்பிடும்படி மாறவில்லை.

இவற்றை எப்படிப் புரிந்துகொள்வது

எச்சில் பாக்டீரியா வளரும் இடமன்று. ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருந்தாலும், அவை எச்சிலிலேயே பெருகியவை அல்ல. பெருகுவதற்கு முன் விழுங்கப்பட்டுவிடும் வேகத்தில் எச்சில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நாக்கு, கன்னத்தின் உட்புறம், பற்கள் ஆகிய பரப்புகளிலிருந்து உதிர்ந்தவைதான் அதில் மிதக்கின்றன. எனவே மிதப்பவற்றை ஒரு முறை வழித்தெடுத்தால், உதிர்க்கும் பரப்புகள் அப்படியே இருக்கும் வரை, சில மணி நேரத்தில் அந்த இடம் மறுபடி நிரம்பிவிடும். இவருக்கு நான்கு மணி நேரத்தில் தரம் 2 திரும்பியதில் வியப்பில்லை.

பல்லின்மேல் உட்கார்ந்திருப்பவற்றின் நிலை வேறு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் சர்க்கரையைக் கொண்டு குளுக்கான் என்ற ஒட்டும் பசையை உற்பத்தி செய்கிறது. அந்தப் பசைக்குள் பல வகை பாக்டீரியாக்கள் அடுக்கடுக்காகப் புதைந்து வாழ்கின்றன. இதையே உயிரிப்படலம் என்கிறோம். வாயில் இனங்காணப்பட்டுள்ள எழுநூறுக்கும் மேற்பட்ட பாக்டீரியா இனங்களில் ஈறுக்குக் கேடு செய்பவை பெரும்பாலும் காற்று புகாத இடுக்குகளை நாடுபவை. கன்னத் தசையால் தள்ளப்படும் எண்ணெய், பல்லின் திறந்த முகப்பை நன்றாகத் தேய்த்துச் செல்கிறது. இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் புள்ளிக்குக் கீழே அதற்கு அந்த விசை கிடைப்பதில்லை. சாயம் காட்டிய படம் இதற்கு நேர்ச் சான்று.

அப்படியானால் எண்ணெய் நீரைவிடச் சற்று மேலாகச் செயல்பட்டது ஏன்? நான் மிகவும் விரும்பிப் படித்த பகுதி இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பல பாக்டீரியாக்களின் மேற்பரப்பு நீரை வெறுக்கும் தன்மை கொண்டது. நீரும் எண்ணெயும் சேர்த்துக் குலுக்கினால் அவை நீரை விட்டு எண்ணெய்த் துளிகளின் மேல் போய் ஒட்டிக்கொள்ளும். இதையே ஒரு அளவீட்டு முறையாக 1980ஆம் ஆண்டில் மெல் ரோசன்பெர்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்டனர். பாக்டீரியா கலந்த நீரில் எண்ணெய்ப் பொருளைக் கலக்கி, பிரிந்த பின் நீர் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று பார்த்தால் அந்த வெறுப்பின் அளவு தெரிந்துவிடும். பின்னாளில் எண்ணெயும் நீரும் இரண்டு அடுக்காக நிற்கும் வாய்க் கழுவிகள் இந்த எண்ணத்திலிருந்தே உருவாயின. ஆனால் அவற்றில் எண்ணெய் மட்டும் போதாது என்று கண்டு, பாக்டீரியாவை எண்ணெயோடு ஒட்டவைக்க செட்டைல்பிரிடினியம் குளோரைடு என்ற பொருளையும் சேர்த்தனர் என்பது கவனிக்கத்தக்கது. வீட்டு எண்ணெயில் அப்படிப்பட்ட துணை எதுவும் கிடையாது. இருந்தும் பதினைந்து நிமிடக் கலக்கலில் எண்ணெய் மிக நுண்ணிய துளிகளாகச் சிதறி, ஒட்டும் பரப்பு பல மடங்கு பெருகுகிறது. துப்பும்போது துளிகளோடு அவற்றில் ஒட்டியவையும் வெளியேறுகின்றன.

கொப்பளித்த எண்ணெய் பால்போல் வெளுப்பதும் இந்தச் சிதறலால்தான். எச்சிலிலுள்ள புரதங்களின் துணையோடு எண்ணெயும் நீரும் பால்மமாகக் கலக்க, நுண்துளிகள் ஒளியைச் சிதறடித்து வெண்மை தோன்றுகிறது. வெளுத்தால் உடலின் நச்சு இறங்கிவிட்டது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்தப் பெண்ணும் அதை நம்பினார். ஒரு கண்ணாடிக் குப்பியில் எண்ணெயோடு சிறிது முட்டை வெண்கருவும் நீரும் விட்டுக் குலுக்கிக் காட்டியபோது, அதுவும் வெளுத்ததைப் பார்த்து அவர் அந்த வாதத்தைக் கைவிட்டார்.

எண்ணெய் வாயில் சோப்பாக மாறிப் பாக்டீரியாவைக் கழுவுகிறது என்ற விளக்கம் எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. கொழுப்பைச் சோப்பாக்க வலுவான காரம் வேண்டும். எச்சிலில் இருப்பதோ மிதமான பைகார்பனேட். எச்சிலின் கார அமில அளவு (pH) ஏறத்தாழ 6.2 முதல் 7.6 வரையே. 2011இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வகச் சோதனையில், கொப்பளித்த எண்ணெயில் பால்மமாதல் உறுதியாகக் காணப்பட்டது. சோப்பாதலுக்கும் வாய்ப்பு இருப்பதாக அவர்கள் தரம்பார்ப்பு (டைட்ரேஷன்) என்ற வேதியியல் முறையின் அடிப்படையில் கருதினர். அதே ஆய்வில் நல்லெண்ணெயிலிருந்து பிரித்தெடுத்த செசமின், செசமோலின் ஆகிய இரண்டும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் உள்ளிட்ட வாய் பாக்டீரியாக்களைத் தடுக்கவில்லை என்றும் கண்டனர். நல்லெண்ணெயின் வேலை கொல்வதைவிட வாரிக்கொண்டு போவதே என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

தேங்காய் எண்ணெய்க்கு வேறு வாதம் உண்டு. அதன் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். லாரிக் அமிலமும் அதிலிருந்து உண்டாகும் மோனோலாரினும் பாக்டீரியாவின் உறையைச் சிதைக்கக்கூடியவை. ஆனால் எண்ணெயில் லாரிக் அமிலம் தனித்து இல்லை, கிளிசராலோடு பிணைந்தே இருக்கிறது. அந்தப் பிணைப்பை வெட்டும் நொதி மனித எச்சிலில் மிகச் சொற்பம் என்பதால், பதினைந்து நிமிடத்துக்குள் எவ்வளவு விடுபடும் என்பதில் எனக்கு ஐயமே.

பிற ஆய்வுகளோடு ஒப்பிட்டால்

என் நிகழ்வோடு முற்றிலும் இசையாத ஒரு ஆய்வை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. 2008இல் வெளியான, பதின்பருவச் சிறுவர்கள் 20 பேரைப் பத்துப் பத்தாகப் பிரித்து நல்லெண்ணெயையும் குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி வாய்க் கழுவியையும் ஒப்பிட்ட ஆய்வில், எண்ணெய்க் குழுவில் படலத்திலுள்ள ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் ஒரு வாரத்திலும் இரண்டு வாரத்திலும் புள்ளியியல் பொருளுடன் குறைந்தது. எச்சிலில் கண்ட குறைவு அந்தத் தகுதியை எட்டவில்லை. என் நோயாளியிடம் கண்டதற்கு நேர்மாறு இது. குளோர்ஹெக்ஸிடின் குழுவிலோ படலத்தில் 24 மணி நேரத்திலேயே குறைவு தெரிந்தது, எச்சிலிலும் 48 மணி நேரத்திலிருந்து தெரிந்தது. முரணுக்குக் காரணம் படலம் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதாக இருக்கலாம். நான் வேண்டுமென்றே கடைவாய்ப் பற்களின் இடுக்கைத் தேர்ந்தேன். எண்ணெய் எளிதில் சென்று உரசும் பரப்பில் எடுத்திருந்தால் எனக்கும் குறைந்த தரமே வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது படம் என் நிகழ்வின் பக்கம் சாய்கிறது. 2022இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 344 பேரை உள்ளடக்கிய 9 சோதனைகளை ஒன்றாக்கிப் பார்த்து, எச்சிலிலுள்ள மொத்த பாக்டீரியாக்கள் குறைவதையும், பற்படலக் குறியீட்டிலும் ஈறுக் குறியீட்டிலும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லாததையும் கண்டது. ஒரே தொகுப்பில் இந்த இரண்டு முடிவுகளும் அருகருகே நிற்பதைப் படித்தபோது, இந்தப் பெண்ணின் இரண்டு பட்டைகளும் என் மேசையில் கிடந்தது நினைவுக்கு வந்தது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் போதிய நம்பகமான சான்று இல்லை என்பதால் இந்தப் பழக்கத்தைப் பரிந்துரைப்பதில்லை.

குளோர்ஹெக்ஸிடினோடு எண்ணெயை ஒப்பிட்டு, கிட்டத்தட்ட சமம் என்று பேசுவோர் உண்டு. குளோர்ஹெக்ஸிடின் நேர்மின்னூட்டம் கொண்டது. பல்லின்மேலும் சளிச்சவ்வின்மேலும் ஒட்டிக்கொண்டு, துப்பிய பின்னும் பல மணி நேரம் மெதுவாக விடுபட்டுச் செயல்படுகிறது. அதற்கு விலையாகப் பற்களில் பழுப்புக் கறையும் நாவில் சுவை மாற்றமும் வருகின்றன. எண்ணெயால் கறையும் இல்லை, நீடித்த செயலும் இல்லை. இவர் எச்சில் நான்கு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பியது அந்த நீடிப்பின்மையைத்தான் காட்டுகிறது.

சரக சம்ஹிதை வாயில் எண்ணெய் தாங்குவதைப் பேசுகிறது. ஆயுர்வேதம் வாயை அசைக்க இடமின்றி நிறைத்து வைப்பதைக் கண்டூஷம் என்றும், அசைத்துக் கொப்பளிக்கும் அளவு வைப்பதைக் கவளம் என்றும் வேறுபடுத்துகிறது. இன்று ஆயில் புல்லிங் என்ற பெயரில் புழங்குவது இரண்டாவதையே ஒத்தது. அந்த மரபில் இது பல் துலக்குவதோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஒன்றேயன்றி, அதற்கு மாற்றாகச் சொல்லப்பட்டதன்று. இவர் செய்த பிழை எண்ணெயைப் பிடித்துக்கொண்டதில் இல்லை, பற்பசையை விட்டதில் இருக்கிறது. வாயின் கார அமில அளவு 5.5க்குக் கீழே இறங்கும்போது பல் எனாமல் கரையத் தொடங்கும். கரைந்த தாதுவை மீண்டும் ஏற்றுவதற்கு ஃபுளோரைடு துணை செய்கிறது. எந்த எண்ணெயிலும் அந்தப் பணிக்குப் போதிய ஃபுளோரைடு இல்லை. பதினான்கு மாதத்தில் அவருக்குப் புதிய சொத்தை விழாதது, சர்க்கரையை அவர் அதிகம் தொடாததாலும் இருக்கலாம்.

சிகிச்சையும் தொடர்ச்சியும்

இரண்டு வாரம் முடிந்ததும் பற்காரை நீக்கப்பட்டது. ஃபுளோரைடு பற்பசையால் நாளுக்கு இரண்டு முறை துலக்கவும், இரவில் பல்லிடுக்குத் தூரிகையைப் பயன்படுத்தவும் கற்பித்தேன். இடுக்குகளின் அகலம் ஒன்றுபோல் இல்லாததால் மூன்று அளவுத் தூரிகைகள் தேவைப்பட்டன; முதல் வாரம் அவர் தவறான அளவைத் திணித்து ஈறைக் கீறிக்கொண்டார் என்பதையும் பதிவு செய்கிறேன். எண்ணெயை நிறுத்தச் சொல்லவில்லை. துலக்குவதற்கு முன் ஐந்து நிமிடம் போதும் என்றும், விழுங்கக்கூடாது என்றும், தலையை அண்ணாந்து தொண்டையில் குரல் எழுப்பிக் கொப்பளிக்கக்கூடாது என்றும் கூறினேன். எண்ணெய் சிறுகச் சிறுக மூச்சுக்குழலுக்குள் இறங்கி நுரையீரலில் கொழுப்பு நிமோனியா வந்த நிகழ்வுகள் 2014, 2015 ஆண்டுகளில் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. அரிதானவைதான், ஆயினும் விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்தப் பழக்கத்தை நான் அனுமதிப்பதில்லை.

நான்கு வாரம் கழித்து அதே 168 இடங்களை அளந்தபோது இரத்தக் கசிவு 14 இடங்களாகக் குறைந்திருந்தது. பல்லிடுக்குப் படலம் தரம் 1. விடியற்காலை எச்சில் இன்னமும் தரம் 2, கொப்பளித்தபின் தரம் 0. மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு வந்தபோது, அதற்கு முந்தைய மாதம் முழுவதும் பயணத்தில் இருந்ததால் எண்ணெயைத் தொடவே இல்லை என்று சற்றுக் குற்ற உணர்வோடு சொன்னார். கசிவு இடங்கள் 12. படலம் தரம் 1. மூச்சு மட்டும் முன்னளவுக்குப் புத்துணர்வாக இல்லை என்று அவரே கருதினார். நாக்கின் பின்பகுதியில் படிவு கொஞ்சம் திரும்பியிருந்தது. எண்ணெய் அவருக்கு உண்மையில் செய்துகொண்டிருந்த நன்மை எங்கே இருந்தது என்பதை இந்தத் தற்செயலான இடைவெளி காட்டிக்கொடுத்தது.

இந்த ஆய்வின் எல்லைகள் வெளிப்படையானவை. ஒரே நபர், ஒரே வகை எண்ணெய். பட்டைச் சோதனை தரம் பிரிக்குமே தவிர எண்ணிக்கை சொல்லாது. தரம் 2க்குள்ளேயே பத்து மடங்கு ஏற்ற இறக்கம் ஒளிந்திருக்க முடியும். பட்டையைப் படித்தவனும் நானே, எது எண்ணெய்க்குப் பின் எடுத்தது என்று அறிந்தவனும் நானே. பற்காரை நீக்கமும் துலக்கும் முறை மாற்றமும் ஒரே நேரத்தில் நிகழ்ந்ததால், ஈறு தேறியதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க இயலாது. அன்றியும், ஒரு பாக்டீரியாவை மட்டும் அளந்து ஈறு அழற்சியைப் பேசுவது முழுமையாகாது; ஈறுக் கேட்டில் முன்னிற்கும் இனங்கள் வேறு, அவற்றை இந்தப் பட்டை பார்ப்பதே இல்லை.

மூன்றாம் மாதத்திலும் கசிந்த 12 இடங்களில் மூன்று, கீழ் இடப்புற முதல் கடைவாய்ப் பல்லைச் சுற்றியே இருந்தன. அங்கே தூரிகை நுழையும்போது நுனி எதிலோ தட்டுவதாக அவர் சொன்னதும், ஊடுகதிர்ப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பழைய அடைப்பின் விளிம்பு பல்லிடுக்குக்குள் மெல்லிய உதடுபோல் நீட்டிக்கொண்டிருந்தது. முதல் நாளே கண்ணில் பட்டிருக்க வேண்டியது. உணவு சிக்கியதும் அதனால்தான். அந்த அடைப்பை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க அடுத்த வாரம் நேரம் குறிக்கப்பட்டது.